செய்தித் தரகிகளில் வரிசை எல்லையும் அளவு எல்லையும்: தமிழ் உரையின் பைட் எடையை முன்வைத்த அமைவு முறைகள்

முன்னுரை

மின்னூலகம், செய்தி வழங்கல், எழுத்துணரி, சொல்லடைவு முதலிய தமிழ்க் கணிமைப் பணிகள் எவையும் இன்று ஒரே நிரலால் நிறைவேற்றப்படுவதில்லை. ஒரு நிரல் நூற்பக்கத்தின் படத்தை ஏற்கின்றது. மற்றொன்று அப்படத்திலுள்ள எழுத்துகளை உரையாக மாற்றுகின்றது. பிறிதொன்று பிழை களைகின்றது. இன்னுமொன்று தேடலுக்குரிய அடைவைப் புதுப்பிக்கின்றது. இந்நிரல்கள் ஒரே வேகத்தில் இயங்குவனவல்ல. ஒரே நேரத்தில் விழித்திருப்பனவுமல்ல. ஆகவே, ஒன்று அனுப்புவதை மற்றொன்று கேட்கும் வரை வைத்திருந்து, முறை தவறாது ஒப்படைக்கும் இடைநிலை மென்பொருள் தேவைப்படுகின்றது. ஆங்கிலத்தில் மெசேஜ் புரோக்கர் எனப்படும் அதனை இக்கட்டுரை செய்தித் தரகி என்று குறிக்கின்றது. தரகி செய்திகளை அடுக்கி வைக்குமிடம் வரிசை எனப்படும். முதலில் வந்தது முதலில் செல்லும் என்பது அதன் பொது விதி.

வைத்திருப்பதற்கு இடம் வேண்டும். இடத்திற்கு எல்லை உண்டு. ஒரு செய்தி எவ்வளவு பெரிதாக இருக்கலாம், ஒரு வரிசையில் எத்தனை செய்திகள் காத்திருக்கலாம், எல்லை கடந்தால் எதனைக் கைவிடுவது என்னும் மூன்று வினாக்களுக்கும் தரகியை நிறுவுவோர் விடை கூறியாக வேண்டும். அவர் கூறாவிட்டால் மென்பொருளின் இயல்பிருப்பு மதிப்புகள் அவருக்காகக் கூறிவிடுகின்றன. அம்மதிப்புகள் யாவும் பைட் கணக்கிலோ செய்தி எண்ணிக்கையிலோ அமைந்தவை. எழுத்துக் கணக்கில் அமைந்தவை அல்ல. ஆங்கில உரைக்கு இவ்வேறுபாடு பொருட்டன்று. தமிழ் உரைக்கு இதுவே முதன்மையானது. தமிழ்ப் பணிக்கெனத் தரகியை அமைப்போர் இவ்வெல்லைகளை எவ்வாறு கணித்து இடவேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தரகிகளின் தோற்றம்

இத்துறையின் வரலாறு சுருக்கமாக நினைவுகூரத் தக்கது. ஐ.பி.எம். நிறுவனத்தின் எம்.க்யூ. வரிசை மென்பொருள் 1993-இல் வெளிவந்தது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரும் எண்ணெய்க் குழாய்த் தடங்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிப்பதற்கு எம்.க்யூ.டி.டி. என்னும் மிகச் சிக்கனமான நெறிமுறையை வகுத்தனர். ஏ.எம்.க்யூ.பி. நெறிமுறை 2003-இல் ஜே.பி. மோர்கன் சேஸ் வங்கியில் ஜான் ஓ'ஹாராவின் முயற்சியால் தொடங்கியது. அதனை நிறைவேற்றும் ராபிட்-எம்.க்யூ. 2007-இல் வெளியாயிற்று. காஃப்கா, லிங்க்ட்இன் நிறுவனத்தின் உள்தேவைக்கு எழுதப்பட்டு 2011-இல் பொதுவெளிக்கு வந்தது. வங்கிப் பரிமாற்றம், குழாயின் அழுத்த அளவு, இணையத்தளச் சொடுக்கு ஆகியவையே இவற்றைப் பிறப்பித்த தேவைகள். அச்செய்திகள் சிறியவை, பெரும்பாலும் எண்களும் இலத்தீன் எழுத்துகளும் கொண்டவை. முழு நூலை, அதுவும் இந்திய எழுத்துமுறை ஒன்றில் எழுதப்பட்ட நூலை, ஒரே செய்தியாக அனுப்புவது இவற்றை வடிவமைத்தோரின் முன்னிருந்த தேவை அன்று. இது குறையன்று, ஆயினும் இயல்பிருப்பு மதிப்புகளைப் படிக்கும்போது மனத்திற் கொள்ள வேண்டிய பின்னணி.

தமிழ் உரையின் பைட் எடை

ஒருங்குறியில் தமிழுக்குரிய குறியிடங்கள் 1991-இல் வெளியான முதற்பதிப்பிலேயே இடம்பெற்றன. அக்குறியிடங்களைப் பைட்டுகளாக எழுதுவதற்கு இன்று பெருவழக்காக உள்ள முறை, 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் உருவாக்கிய யூ.டி.எஃப்.-8. ஆஸ்கி எழுத்துகள் மாற்றமின்றி ஒரே பைட்டில் நிற்கவேண்டும் என்பது அம்முறையின் அடிப்படை. அதற்குரிய விலையைப் பிற எழுத்துமுறைகள் செலுத்துகின்றன. தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றும் மூன்று பைட் பெறுகின்றது.

‘தமிழ்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணுக்கு மூன்று எழுத்து. ஒருங்குறியிலோ தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறியிடம். யூ.டி.எஃப்.-8 முறையில் அது 15 பைட், யூ.டி.எஃப்.-16 முறையில் 10 பைட். இத்துடன் முடிவதில்லை. நிரல்கள் தமக்குள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் ஜேசான் வடிவத்தில், ஆஸ்கி அல்லாத எழுத்துகளைப் பின்சாய்கோடும் ஓரெழுத்தும் நான்கு பதினறும இலக்கங்களுமாக எழுதும் வழக்கம் உண்டு. பைத்தான் மொழியின் ஜேசான் நூலகம் தானாகவே செய்வது இதுதான். வேண்டாம் என்று சொன்னாலன்றி விடாது. இவ்வடிவில் குறியிடம் ஒன்றுக்கு ஆறு பைட். ‘தமிழ்’ 30 பைட் ஆகிவிடுகின்றது. அதனைப் பேஸ்64 உறைக்குள் இட்டால் மூன்றுக்கு நான்கு என்னும் விகிதத்தில் மீண்டும் பருத்து 40 பைட் ஆகும். மூன்றெழுத்துச் சொல்லொன்று, எவரும் வேண்டுமென்றே எதுவும் செய்யாமலே, நாற்பது பைட் எடையைச் சுமந்து செல்கின்றது.

குறுஞ்செய்தியில் இதனைத் தமிழர் முன்னரே கண்டிருக்கின்றனர். குறுஞ்செய்தியின் உடல் 140 பைட். ஏழு பிட் இலத்தீன் எழுத்தாயின் 160 கொள்ளும். தமிழில் எழுதினால் 70 குறியிடத்தோடு நின்றுவிடும். அங்கே பயனர் எல்லையைக் கண்ணால் கண்டார், கட்டணத்திலும் உணர்ந்தார். தரகியில் அதே எல்லை வழங்கியின் உள்ளே, ஒருவரும் பாராத இடத்தில் இருக்கின்றது.

தமிழ்நாடு அரசு 2010-இல் ஒருங்குறியுடன் சேர்த்து ஏற்ற டேஸ்16 என்னும் அனைத்தெழுத்துக் குறியாக்கத்தில் எழுத்து ஒன்றுக்குக் குறியிடம் ஒன்று. எனவே ‘தமிழ்’ யூ.டி.எஃப்.-8 வழியாகச் சென்றாலும் 9 பைட்டில் அடங்கும். எனினும் அது ஒருங்குறியின் தனிப்பயன் பகுதியைச் சார்ந்திருப்பதால் பொதுவான தேடுபொறிகளும் தரவுத்தளங்களும் அவ்வெழுத்துகளைத் தமிழ் என அறியமாட்டா. தரகியின் இடத்தை மிச்சப்படுத்துவதற்காகக் குறியாக்கத்தையே மாற்றுவது தலைகீழான சிக்கனம் ஆகும். எடைக்கேற்ப எல்லையை அமைப்பதே முறை.

ஒரு செய்தியின் அளவு எல்லை

முதல் எல்லை தனிச் செய்திக்குரியது. ராபிட்-எம்.க்யூ.வில் இது நீண்ட காலம் 128 மெபிபைட்டாக இருந்தது. 2024-இல் வெளியான நான்காம் பதிப்பில் 16 மெபிபைட்டாகக் குறைக்கப்பட்டது. ஐ.பி.எம். எம்.க்யூ. வரிசையின் இயல்பிருப்பு 4,194,304 பைட். காஃப்காவின் தரகி ஏற்பது 1,048,588 பைட். எம்.க்யூ.டி.டி. நெறிமுறை கொள்கையளவில் 268,435,455 பைட் வரை இடமளிக்கின்றது. நடைமுறையில் நிறுவுவோர் அதனைப் பெரிதும் குறைத்துவிடுகின்றனர்.

முந்நூறு பக்க நூலொன்று, பக்கத்திற்கு 2,000 குறியிடம், மொத்தம் 600,000. இடைவெளியும் நிறுத்தக்குறியும் ஒரு பைட்டே பெறும் என்பதால் கணக்கு எளிமைக்காக அவை இங்கே விடப்படுகின்றன. அதே நீளமுள்ள ஆங்கில நூல் 600,000 பைட். காஃப்காவின் எல்லைக்குள் இடையூறின்றி நுழையும். தமிழ் நூல் 1,800,000 பைட், நுழையாது. ஜேசான் விரித்தெழுத்தில் அது 3,600,000 பைட் ஆகின்றது, ஐ.பி.எம். எம்.க்யூ. இன்னும் ஏற்கும். பேஸ்64 உறை சேர்ந்தால் 4,800,000 பைட். அங்கும் கதவு அடைபடும். ஆங்கில நூலைக் கொண்டு ஆய்ந்து பார்த்து ‘அமைப்பு சரியாக இயங்குகின்றது’ என்று கையெழுத்திட்டவர் மீது குற்றமில்லை. அவர் ஆய்ந்த பொருள் வேறு என்பதே உண்மை.

எல்லையை உயர்த்திவிட்டால் போதும் எனத் தோன்றலாம். காஃப்காவில் எல்லை ஓரிடத்தில் மட்டும் இல்லை. அனுப்பும் நிரலுக்கு ஓர் எல்லை, தரகிக்கு ஒன்று, அதன் கீழுள்ள தலைப்புக்கு ஒன்று, தரகிகள் தம்முள் படியெடுப்பதற்கு ஒன்று, பெறும் நிரல் ஒருமுறை எடுப்பதற்கு ஒன்று. ஒன்றை மட்டும் உயர்த்துவது, வாசற்கதவை அகலமாக்கி உட்கதவை மறந்ததற்கு ஒப்பாகும். மேலும், அனுப்பும் நிரலின் எல்லை சுருக்குவதற்கு முந்திய அளவையும், தரகியின் எல்லை சுருக்கிய பின்னரான அளவையும் கணக்கிடுகின்றன. தமிழைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு பெரிது. யூ.டி.எஃப்.-8 முறையில் தமிழ்க் குறியிடம் ஒவ்வொன்றின் முதற்பைட் 224. இரண்டாம் பைட் 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே பெரிதும் மாறுகின்றது. இத்தகைய திரும்பவருதலைச் சுருக்கமுறைகள் நன்கு பயன்கொள்கின்றன. ஆகவே சுருக்கினால் எளிதாகத் தரகியைக் கடந்திருக்கக்கூடிய தமிழ்ச் செய்தி, சுருக்குமுன் அளக்கும் அனுப்புநிரலின் எல்லையில் நின்றுவிடக் கூடும். இங்கே உயர்த்தவேண்டியது அனுப்புநிரலின் எல்லை.

ஐ.பி.எம். எம்.க்யூ.வில் வேறொரு நுட்பம். பெறும் நிரல் வேண்டும் குறியாக்கத்திற்குச் செய்தியை மாற்றித் தரும் வசதி அதில் உண்டு. யூ.டி.எஃப்.-16-இல் வந்த தமிழ்ச் செய்தியை யூ.டி.எஃப்.-8-ஆக மாற்றினால் ஒவ்வொரு குறியிடமும் இரண்டு பைட்டிலிருந்து மூன்றாகின்றது. வந்த அளவுக்கே இடம் ஒதுக்கிய நிரல், மாற்றிய செய்தி பெரிதாகிவிட்டது எனும் 2120 என்ற காரணக் குறியைப் பெறும். ஆங்கிலத்தில் இதே மாற்றம் செய்தியைச் சிறிதாக்குகின்றது என்பதால் இச்சிக்கல் ஆங்கிலப் பயனர் கண்ணில் படுவதே அரிது.

நூலையோ படத்தையோ முழுமையாக வரிசைக்குள் திணிக்காதிருப்பதே இவை யாவற்றினும் நல்ல வழி. கோப்பினைச் சேமிப்பகத்தில் வைத்துவிட்டு அதன் முகவரியை மட்டும் செய்தியில் அனுப்பலாம். தொடர்வண்டி நிலையத்தில் பெட்டியை ஒப்படைத்துச் சீட்டை மட்டும் கையில் கொண்டு செல்வதைப் போன்றது. பக்கப் படங்களுக்கு இதனைத் தவிர வேறுவழி தேடுவது வீண். உரையை வரிசையிலேயே அனுப்பத்தான் வேண்டுமெனில் பக்கமாகவோ பத்தியாகவோ பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் நூலடையாளமும் தொடரெண்ணும் மொத்த எண்ணிக்கையும் இட்டு அனுப்பவேண்டும். பைட் எண்ணிக்கையைக் கொண்டு வெட்டுதல் கூடாது. மூன்று பைட்டின் நடுவே வெட்டினால் எழுத்து சிதைந்து கேள்விக்குறிப் பெட்டியாகும். குறியிட எல்லையில் வெட்டினாலும் மெய் ஒரு செய்தியிலும் உயிர்க்குறி மறு செய்தியிலுமாகப் பிரிந்து போகலாம்.

வரிசையின் நீள எல்லை

இரண்டாவது எல்லை வரிசைக்குரியது. அதனைச் செய்தி எண்ணிக்கையாகவும் இடலாம், மொத்தப் பைட்டாகவும் இடலாம், இரண்டையும் இடலாம். இரண்டும் இருப்பின் எது முதலில் எட்டுகின்றதோ அதுவே செயற்படும். ராபிட்-எம்.க்யூ.வில் இவை முறையே மேக்ஸ்-லெங்த், மேக்ஸ்-லெங்த்-பைட்ஸ் என்னும் பெயருடையன. இரு செய்திகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். பைட் கணக்கில் செய்தியின் உடல் மட்டுமே சேரும், தலைப்புறுப்புகள் சேரா. எண்ணிக்கையில் காத்திருக்கும் செய்திகளே சேரும். பெறும் நிரலிடம் ஒப்படைக்கப்பட்டு இன்னும் ஒப்புகை வராதவை சேரா. எனவே உண்மையில் பயன்படும் நினைவகமும் வட்டும் இடப்பட்ட எல்லையினும் கூடுதலாகவே இருக்கும்.

எல்லையே இடாவிட்டால் ராபிட்-எம்.க்யூ. வரிசை வளர்ந்துகொண்டே செல்லும். நினைவகப் பயன்பாடு குறித்த வரம்பை எட்டியதும் தரகி செய்தி அனுப்பும் இணைப்புகள் அனைத்தையும் தடுத்து நிறுத்தும். மூன்றாம் பதிப்பு வரிசையில் இவ்வரம்பு மொத்த நினைவகத்தின் 40 விழுக்காடு. ஒரு வரிசையின் தேக்கத்தால் தொடர்பேயில்லாத பிற பணிகளும் நின்றுவிடுகின்றன. எழுத்துணரியின் தேக்கம் வாசகரின் கடவுச்சொல் அஞ்சலை நிறுத்திவைக்கும் விந்தை இவ்வாறு நிகழ்கின்றது. வட்டில் எஞ்சிய இடத்துக்கான வரம்பின் இயல்பிருப்பு 50 மெகாபைட். இது ஆய்வுக்கூடத்திற்குப் போதும், நூலகத்திற்குப் போதாது.

எல்லையைக் கணிக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். எழுத்துணரி நிமிடத்திற்கு 40 பக்கம் அனுப்புகின்றது; பிழை களையும் நிரல் நிமிடத்திற்கு 25 பக்கமே முடிக்கின்றது எனக் கொள்க. நிமிடத்திற்கு 15 பக்கம் தேங்கும். இரவில் எட்டு மணிநேரம் எழுத்துணரி இயங்கினால் 7,200 பக்கம் தேங்கும். பகலில் அது ஓய்ந்திருக்கும்போது தேக்கம் கரையும். அமைப்பாளர் ஆங்கிலப் பக்கத்தை மனத்திற்கொண்டு, உரைக்கு 2,000 பைட்டும் விவரக்குறிப்புக்கு 1,000 பைட்டுமாகப் பக்கத்திற்கு 3,000 பைட் எனக் கணித்து, 10,000 பக்கத்திற்குப் போதுமென 30,000,000 பைட் எல்லை இட்டிருக்கின்றார். ஆங்கிலத்தில் அவ்வரிசை நிரம்ப 11 மணிநேரத்திற்கு மேலாகும். இரவு பாதுகாப்பாகக் கழியும்.

அதே வரிசையில் தமிழ்ப் பக்கங்கள் வந்தால், யூ.டி.எஃப்.-8-இல் பக்கத்திற்கு 7,000 பைட். 4,285 பக்கத்தில் எல்லை எட்டும். அதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ நாலே முக்கால் மணி. ஜேசான் விரித்தெழுத்தாயின் பக்கத்திற்கு 13,000 பைட். 2,307 பக்கத்திலேயே எல்லை. இரண்டரை மணிநேரம் கடந்ததுமே வரிசை நிரம்பிவிடும். எஞ்சிய ஐந்தரை மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவான காலத்தில் நிமிடத்திற்கு 15 வீதம் ஏறத்தாழ 4,900 பக்கங்களுக்கு இடமில்லை. அப்பக்கங்களுக்கு என்ன நேர்கின்றது என்பது மூன்றாவது வினா.

எல்லை கடந்தபின்: எதனைக் கைவிடுவது?

ராபிட்-எம்.க்யூ.வின் இயல்பிருப்பு, வரிசையின் தலையிலுள்ளதை, அதாவது மிக நீண்டநேரம் காத்திருந்த செய்தியை நீக்கிவிட்டுப் புதியதை ஏற்பது. நீக்கப்பட்ட செய்தியை அனுப்பிய நிரலுக்கு அதற்கு முன்னரே ‘பெற்றுக்கொண்டோம்’ என்னும் உறுதி போய்ச் சேர்ந்திருக்கலாம். அந்நிரல் தன் பணி முடிந்தது எனக் கருதிப் பக்கத்தை மறந்துவிட்டது. பெறும் நிரல் அப்பக்கத்தைக் கண்டதேயில்லை. காணாததைத் தேடவும் மாட்டாது. இரு முனையிலும் பிழைச்செய்தி எதுவும் எழுவதில்லை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் காலையில் அலுவலகத்திற்கு வருபவர் காண்பது, பிழையேயின்றி இயங்கிக்கொண்டிருக்கும் ஓர் அமைப்பை. நூற்பட்டியலில் நூல் இருக்கும். திறந்தால் பக்கங்கள் இருக்கும். இடையிடையே சில பக்கங்களின் உரை மட்டும் இராது. தேடலில் அகப்படாத சொல் அந்நூலில் இல்லை என்று ஆய்வாளர் முடிவு கட்டுவார். ஒருமுறை மட்டுமே கடனாகக் கிடைத்த இதழ்த் தொகுப்பு, படமெடுத்தபின் உரியவரிடம் திரும்பிவிட்ட ஏடு ஆகியவற்றைக் கையாளும் நிறுவனங்களுக்கு இது சிறு குறையன்று. படங்கள் காக்கப்பட்டிருந்தால் மீண்டும் உரையாக்கலாம். ஆயின் மீண்டும் செய்யவேண்டும் என்பதையே எவரும் அறிந்திருக்க மாட்டார்.

தலையை நீக்கும் கொள்கை தவறானது என்று கூறுவதற்கில்லை. புயல் எச்சரிக்கையிலும் வெப்பமானி அளவீட்டிலும் பழையது பயனற்றது; புதியது வரப் பழையதை அகற்றுவதே அங்கு முறை. ஆவணப் பணியில் பழையதற்கும் புதியதற்கும் மதிப்பு வேறுபாடில்லை. அங்கே பொருந்துவது, வரிசை நிரம்பியதும் புதியதை ஏற்க மறுக்கும் ரிஜெக்ட்-பப்ளிஷ் என்னும் கொள்கை. இதனை இட்டு, அனுப்பும் நிரலில் உறுதி பெறும் வசதியையும் இயக்கினால், ஏற்கப்படாத ஒவ்வொரு செய்திக்கும் மறுப்பு திரும்பும். அனுப்பும் நிரல் சற்று நின்று, மீண்டும் முயலலாம். உறுதி பெறும் வசதியை இயக்காமல் இக்கொள்கையை மட்டும் இட்டால், முன்னர் பழையது ஓசையின்றி மறைந்ததற்குப் பதிலாகப் புதியது ஓசையின்றி மறையும். வேறு பயன் விளையாது.

நீக்கப்படும் செய்திகளை வேறொரு வரிசைக்குத் திருப்பிவிடும் டெட்-லெட்டர் வசதியும் உண்டு. உரியவர் கைக்குச் சேராத கடிதங்களை அஞ்சலகம் தனியே வைத்திருக்கும் வழக்கத்திலிருந்து வந்த பெயர். தலையை நீக்கும் கொள்கையோடு இதனை இணைத்தால் நீங்கியவை எவை என்ற தடமாவது எஞ்சும். அத்திருப்பு வரிசைக்கும் எல்லை வேண்டும் என்பதையும் அதனை யாரேனும் நாள்தோறும் பார்வையிட வேண்டும் என்பதையும் நிறுவுவோர் மறந்துவிடுகின்றனர்.

எல்லைகளை நிரலுக்குள் எழுதாமல், தரகியில் பாலிசி எனப்படும் கொள்கை வரியாக இடுவதே சிறந்தது. நிரலுக்குள் எழுதிய எல்லை, வரிசை உருவாகும்போதே நிலைத்துவிடும். பின்னர் வேறு மதிப்போடு அதே வரிசையை அறிவித்தால் தரகி 406 என்னும் பிழையோடு தடத்தை மூடிவிடும். கொள்கை வரியை ஓடும் அமைப்பிலேயே மாற்றலாம். இரண்டிலும் எல்லை இருந்தால் குறைந்ததே செல்லும். கொள்கையில் உயர்த்தியும் வரிசை உயரவில்லை என்னும் குழப்பத்திற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

எம்.க்யூ.டி.டி. தரகியான மொஸ்கிட்டோவில் பயனர் ஒவ்வொருவருக்கும் எண்ணிக்கை எல்லையும் பைட் எல்லையும் தனித்தனியே இடலாம். இரண்டாம் பதிப்பு வரிசையில் எண்ணிக்கையின் இயல்பிருப்பு 1,000. எம்.க்யூ.டி.டி. ஐந்தாம் பதிப்பில், தான் ஏற்கும் பொதியின் உச்ச அளவைப் பெறும் கருவியே தரகியிடம் அறிவிக்கலாம். அதனினும் பெரிய செய்தியைத் தரகி அக்கருவிக்கு அனுப்பாது விட்டு, அனுப்பி முடித்ததைப் போலவே நடந்துகொள்ள வேண்டும் என்கிறது நெறிமுறை. ஆங்கில அறிவிப்பைக் காட்டும் கைபேசி, அதே அறிவிப்பின் தமிழ் வடிவத்தை மட்டும் காட்டாமல் விடுவதற்கு இஃதொன்றே போதும்.

காஃப்காவில் நிலைமை வேறு. அது வரிசை என்பதைவிட நாட்குறிப்பு எனத் தகும். படித்தாயிற்றா இல்லையா என்று பாராமல், காலம் அல்லது பைட் எல்லை கடந்த பழைய பகுதிகளை அது அழித்துவிடும். கால எல்லையின் இயல்பிருப்பு ஏழு நாள். தன்னார்வலர் நடத்தும் அமைப்பொன்றில் பெறும் நிரல் விடுமுறையில் நின்று பத்தாம் நாள் விழித்தால் முதல் மூன்று நாட்களின் செய்தி இராமற் போகலாம். பைட் எல்லை தலைப்பு முழுமைக்குமன்று, அதன் ஒவ்வொரு பிரிவுக்கும் உரியது என்பதையும் கணக்கிற் கொள்ளவேண்டும்.

பெயர்களின் எல்லை

செய்திக்கு மட்டுமன்றி வரிசையின் பெயருக்கும் எல்லை உண்டு. ராபிட்-எம்.க்யூ. பயன்படுத்தும் ஏ.எம்.க்யூ.பி. நெறிமுறையில் வரிசைப் பெயர், வழிச்சொல் ஆகியவற்றின் நீளம் ஒரே பைட்டில் எழுதப்படுகின்றது. எனவே 255 பைட்டே உச்சம். தமிழில் இது 85 குறியிடம். ‘எழுத்துணரி.யாழ்ப்பாணம்.இதழ்கள்’ என்னும் பெயர் 86 பைட், இடமிருக்கின்றது. நூலின் முழுத்தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் வழிச்சொல்லில் இணைக்க முற்பட்டால் இடமிராது. எம்.க்யூ.டி.டி. தலைப்புக்கு 65,535 பைட் உண்டு. காஃப்கா தலைப்புப் பெயரில் ஆங்கில எழுத்தும் எண்ணும் புள்ளி, அடிக்கோடு, இணைகோடு ஆகியனவும் அன்றி வேறெதனையும் ஏற்பதில்லை.

நீளத்தினும் நுட்பமான சிக்கல் ஒன்று இங்குண்டு. ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியிடமாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியிடமாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. முன்னது 6 பைட், பின்னது 9 பைட். தரகி பைட்டுகளையே ஒப்பிடுவதால் இரண்டும் அதற்கு வெவ்வேறு பெயர்கள். எம்.க்யூ.டி.டி. நெறிமுறை, தலைப்புப் பெயர்களைத் தரகி இயல்பாக்கவே கூடாது என்று விதித்துள்ளது. ஒரு விசைப்பலகையில் எழுதிய பெயருக்கு அனுப்பிய செய்தி, மற்றொரு விசைப்பலகையில் எழுதிய அதே பெயரைக் கேட்டிருக்கும் நிரலுக்குச் சேராது. ஆகையால் தமிழ்ப் பெயர்களைத் தரகிக்கு அனுப்புமுன் என்.எஃப்.சி. எனும் கூட்டுவடிவுக்கு மாற்றியாக வேண்டும். அதனைக் கட்டாயப்படுத்த இயலாத கூட்டு முயற்சிகளில், வரிசைக்கு எண்ணடையாளம் இட்டுத் தமிழ்ப் பெயரைச் செய்தியுடலில் வைப்பது மொழிப்பற்றுக்குச் சற்று முரணாகத் தோன்றினும் பாதுகாப்பானது.

அமைவும் ஆய்வும்

எல்லைகளை இடுவதற்குமுன் அளத்தல் வேண்டும். தரகிக்குள் நுழையும் இறுதி வடிவத்தில், அதாவது ஜேசானாக்கி உறையிட்டபின், உண்மையான தமிழ்ச் செய்திகள் சில ஆயிரத்தின் பைட் அளவைப் பதிவு செய்து சராசரியையும் உச்சத்தையும் காணவேண்டும். பைத்தானில் ஆஸ்கியாக்கும் இயல்பிருப்பை நிறுத்துவது ஒரே சொல்லில் முடியும் மாற்றம். அதனால் மட்டுமே தமிழ்ச் செய்தி ஏறத்தாழப் பாதியாகும். அதன்பின் உச்ச அளவுக்கு மேல் போதிய இடம்விட்டுத் தனிச் செய்தியின் எல்லையை இடலாம். வரிசையின் எல்லைக்குத் தேங்கும் வேகம், தேங்கும் காலம், சராசரி அளவு ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் ஆஸ்கியாக்கத்தை நிறுத்தியபின் 15 பக்கம், 480 நிமிடம், 7,000 பைட் ஆகியவற்றின் பெருக்கம் 50,400,000. ஓரிரவு தவறினால் மறுநாளும் தாங்கவேண்டும் என்பதால் இருமடங்காகக் கொண்டு 100,000,000 பைட் அளவில் எல்லையிடுவது பொருந்தும். எண்ணிக்கை எல்லையாக 15,000 இட்டு வைப்பதும் நல்லது. பைட் கணக்கில் அகப்படாத மிகச்சிறு செய்திகள் பெருகினால் அது காக்கும்.

எல்லையில் எழுபது விழுக்காடு நிறைந்ததும் பொறுப்பாளருக்கு எச்சரிக்கை போகவேண்டும். அவ்வெச்சரிக்கை அதே தரகியின் வழியே செல்லலாகாது.

ஆய்வுக்குரிய செய்திகளையும் தமிழிலேயே தெரிவு செய்தல் வேண்டும். மெய்யெழுத்தும் உயிர்மெய்யும் செறிந்த செய்யுட் பக்கம், கிரந்த எழுத்து மிகுந்த பழைய உரைநடைப் பக்கம், ஒகரம் பிரிந்த வடிவில் வேண்டுமென்றே எழுதிய பெயர், எல்லைக்கு ஒரு பைட் குறைந்த செய்தி, ஒரு பைட் மிகுந்த செய்தி ஆகிய ஐந்தேனும் வேண்டும். பெறும் நிரலை நிறுத்திவைத்து வரிசையை நிரப்பவேண்டும். அனுப்பிய எண்ணிக்கை, மறுக்கப்பட்ட எண்ணிக்கை, திருப்பு வரிசையில் விழுந்த எண்ணிக்கை, இறுதியில் பெறப்பட்ட எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்து ஒப்பிட வேண்டும். முதலாவது எண் மற்ற மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமமாகும் வரை அத்தரகியிடம் நூல்களை ஒப்படைத்தல் ஆகாது.